பதிமூன்று வயதும் நம் இலக்கியவாதிகளும்

பதிமூன்று, பதினான்கு வயதில் ஒரு பையனுக்கோ பெண்ணுக்கோ இன்னொருவர் மீது மனம் சாய்ந்துவிட்டால், அதைப் பற்றிப் பேசத் தமிழ்நாட்டில் மூன்று பேருக்குத்தான் அதிகாரம் இருக்கிறது. முதலாமவர் பள்ளிக்கூட வாத்தியார். காந்தத்தையும் இரும்புத்தூளையும் பற்றிப் பாடம் நடத்திய அதே குரலில் அவர் அதற்கு 'இனக்கவர்ச்சி' என்று பெயர் சூட்டி, மதிப்பெண் குறைவதற்கான காரணங்களின் பட்டியலில் சேர்த்துவிடுகிறார். இரண்டாமவர் போலீஸ்காரர், அவருக்கு முன்னாலும் பின்னாலும் ஜாதிக்காரர்கள் நிற்கிறார்கள். மூன்றாமவர் சினிமா டைரக்டர். நான்காவதாக ஒருவர் பேசியிருக்க வேண்டும். அவர் எழுத்தாளர். அவர் பேசவில்லை என்பதும், பேச வாய்த்த ஒன்றிரண்டு சந்தர்ப்பங்களிலும் டைரக்டரின் குரலையே இரவல் வாங்கிக்கொண்டார் என்பதும்தான் என் புகார்.

சென்ற வருஷம் ஒரு சிறுகதைக் கூட்டத்தில் இதை நான் லேசாகச் சொன்னபோது, நான் மதிக்கும் நண்பர் ஒருவர், "இதெல்லாம் விடலைச் சமாச்சாரம். வாரப் பத்திரிகைக்காரனும் சினிமாக்காரனும் பார்த்துக்கொள்வார்கள். நமக்கு வேறு வேலை இல்லையா?" என்றார். கூடியிருந்த பதினைந்து பேரில் பெரும்பாலோர் சிரித்தார்கள். அதைத் தனிமனிதர்களின் சிரிப்பாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. நம் சிறுபத்திரிகைச் சூழல் பல வருஷங்களாகப் பயிற்சி கொடுத்து வளர்த்த சிரிப்பு அது. மரணம், தனிமை, அபத்தம், அந்நியமாதல் எல்லாம் கனமான விஷயங்கள். எட்டாம் வகுப்புப் பெண்ணின் மனசு கனமில்லாதது. இப்படி ஒரு தராசை வைத்துக்கொண்டிருக்கிறோம். அந்நியமாதலை காம்யூவிடமிருந்து கற்றுக்கொண்டதாக நமக்கு நினைப்பு. தன் குரல் தனக்கே வேறு யாருடையதோபோலக் கேட்பது, தன் பெயரை ஒரு குறிப்பிட்ட ஆள் உச்சரிக்கும்போது அது தன் பெயராகவே இல்லாமல் போவது, வீட்டில் எல்லாரும் இருக்கும்போதே வீட்டில் யாரும் இல்லாததுபோல ஆவது, இவையெல்லாம் காம்யூவைப் படிப்பதற்குப் பத்து வருஷம் முன்பே நம் ஒவ்வொருவருக்கும் நேர்ந்தவை. அப்போது கையில் மொழி இல்லை. மொழி வந்தபோது அந்த அனுபவத்தைப் பார்த்துச் சிரிக்கவும் கற்றுக்கொண்டுவிட்டோம்.

விஷயம் அற்பமா என்பதை முதலில் தீர்த்துக்கொள்வோம். ஜான்கோவியாக், ஃபிஷர் என்ற இரண்டு மானுடவியலாளர்கள் 1992-ல் 166 சமூகங்களைப் பற்றிய பதிவுகளை ஆராய்ந்து, 147 சமூகங்களில் காதல் மயக்கத்துக்கான தடயங்கள் இருப்பதாகக் காட்டினார்கள். காதல் என்பது ஐரோப்பியப் பாணர்களும் நாவலாசிரியர்களும் கண்டுபிடித்து ஏற்றுமதி செய்த சரக்கு என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு அது சங்கடமான கணக்கு. ஹெர்ட், மெக்ளின்டாக் இருவரும் 2000-ல் எழுதிய ஆய்வில், ஒருவர் மீது முதன்முதலாக ஈர்ப்பு உண்டானதை மனிதர்கள் நினைவுகூரும் வயது ஏறக்குறைய பத்து என்றார்கள். வெளியே தெரியும் பருவ மாற்றங்களுக்கு முன்னாலேயே சிறுநீரகத்தின் மேலிருக்கும் சுரப்பிகள் விழித்துக்கொள்கின்றன என்பது அவர்கள் தரும் காரணம். இன்னொரு பக்கம், மார்கரெட் மீட் 1928-ல் சமோவாத் தீவுப் பெண்களைப் பற்றி எழுதி, பருவ வயதின் கொந்தளிப்பு இயற்கையானதல்ல, சமூகம் உண்டாக்குவது என்று வாதிட்டார். 1983-ல் டெரிக் ஃப்ரீமன் அதை மறுத்து ஒரு புத்தகமே போட்டார். பஸ்தாரின் முரியா மக்கள் தங்கள் சிறுவர் சிறுமியருக்கென்று 'கோட்டுல்' என்று தனியாக ஒரு கூடம் கட்டிக்கொடுத்திருந்ததை வெரியர் எல்வின் 1947-ல் விரிவாகப் பதிவுசெய்தார். அதில் எல்வினின் சொந்தக் கனவும் கொஞ்சம் கலந்திருக்கிறது. இவர்களுடைய சண்டைகளில் எனக்குப் பக்கம் எடுக்கும் தகுதி இல்லை. எனக்குப் புரிவது இவ்வளவுதான்: மனம் சாய்வது எங்கும் உண்டு. அதற்குப் பெரியவர்கள் என்ன கொடுக்கிறார்கள் என்பதில்தான் ஊருக்கு ஊர் வித்தியாசம். ஒரு சமூகம் கூடம் கட்டித் தருகிறது, ஒரு சமூகம் பாட்டுத் தருகிறது, ஒரு சமூகம் பிரம்பை எடுக்கிறது.

தமிழ்ச் சமூகம் என்ன கொடுத்தது என்று கேட்டால் உடனே இரண்டு பதில்கள் வரும். ஒன்று, "இதெல்லாம் மேல்நாட்டு இறக்குமதி, நம் கலாச்சாரத்தில் கிடையாது." மற்றது, "நம் சங்க இலக்கியத்திலேயே இருக்கிறதே!" இரண்டையும் ஒரே ஆள் ஒரே நாளில் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன்: காலையில் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில், மாலையில் இலக்கிய மன்றத்தில்.

இரண்டாவது பதிலை எடுத்துக்கொள்வோம், அதில் உண்மை இருப்பதால். இறையனார் களவியல் உரை தலைவிக்குப் பன்னிரண்டு, தலைவனுக்குப் பதினாறு என்று வயது வைக்கிறது. குறுந்தொகை 229-ல், சின்ன வயதில் ஒருவர் தலைமயிரை ஒருவர் பிடித்து இழுத்துச் சண்டை போட்ட பிள்ளைகள் பிறகு சேர்ந்து போவதைப் பார்த்தவர்கள் வியக்கிறார்கள். எழுதியவர் மோதாசனார். கலித்தொகை 51 எல்லாருக்கும் தெரியும், ஆனால் யாரும் அதை நிதானமாகப் படித்ததாகத் தெரியவில்லை. மணல் வீட்டைக் காலால் மிதித்துக் கலைத்த போக்கிரிப் பையன் ஒருநாள் தண்ணீர் கேட்டு வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். தண்ணீர் கொடுக்கப் போனவளின் கையைப் பிடிக்கிறான். அவள் அலறுகிறாள். அம்மா ஓடி வந்ததும், அவனுக்கு விக்கல் என்று சொல்லிச் சமாளிக்கிறாள். அம்மா அவன் முதுகைத் தடவிக் கொடுக்கிறாள். இந்தப் பாட்டில் யார் பேசுகிறார்கள்? அந்தப் பெண் பேசுகிறாள், தன் தோழியிடம், சிரித்துக்கொண்டே, அவனைத் திட்டிக்கொண்டே. எழுதியவர் கபிலர் என்ற ஆண்தான். ஆனாலும் பயம், கோபம், குறும்பு, அந்தக் கணத்தில் துளிர்த்த பொய் எல்லாம் அவள் வாயிலிருந்தே வருகின்றன. அவன் அவளுக்கு ஒளிவட்டமாகத் தெரியவில்லை. திருட்டுப் பயலாகத் தெரிகிறான். அவளுக்கு அவன் மேல் ஆசை இருக்கிறது என்று நாம் அறிவதும் அதனால்தான்.

இந்தப் பாட்டிலிருந்து நாம் எடுத்துக்கொண்டது பெருமை. எடுத்துக்கொள்ளாமல் விட்டது அந்தப் பெண்ணின் வாய். சிலப்பதிகாரத்துக்கு வரும்போதே நிலைமை மாறிவிட்டது. கண்ணகிக்குப் பன்னிரண்டு, கோவலனுக்குப் பதினாறு என்று அதே வயதுக்கணக்கு அங்கேயும் வருகிறது. ஆனால் அங்கே களவு இல்லை. பெரியவர்கள் கூடி, யானைமேல் மகளிரை ஏற்றி ஊருக்கு அறிவித்து, கல்யாணத்தை முடித்துவிடுகிறார்கள். அந்தப் பன்னிரண்டு வயதுப் பெண் என்ன நினைத்தாள் என்று இளங்கோ சொல்லவில்லை. அவள் முழுக்குரலில் பேச மதுரையில் ஒரு கொலை நடக்க வேண்டியிருந்தது.

*

இனி நம் காலத்துக்கு வருவோம். 1910-ல் வெளிவந்த தன் சுயசரிதைப் பாட்டில் ஒரு பகுதிக்கு பாரதி 'பிள்ளைக் காதல்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார். பத்து வயதில் ஒரு பெண்ணின் மேல் மனம் வைத்ததையும், பிறகு அப்பா தனக்கு வேறு பெண்ணைக் கட்டிவைத்ததையும் அதில் சொல்கிறார். பாட்டின் கணக்கில் கல்யாணத்தின்போது அவருக்குப் பன்னிரண்டு; சரித்திரத்தின் கணக்கில் அது 1897, அவருக்குப் பதினாலு, செல்லம்மாவுக்கு ஏழு. ஒரு சமூகம் குழந்தைகளுக்குக் கல்யாணம் செய்துவைக்கிறது, ஆனால் குழந்தைகள் காதலிக்கக் கூடாது என்கிறது. இந்த முரண்பாட்டை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கத்திச் சொன்ன முதல் நவீனத் தமிழன் அவர். 'பிள்ளைக் காதல்' என்ற சொல்லைக் கவனியுங்கள். இங்கிலீஷ்காரன் இதற்குக் கன்றுக்குட்டியையும் நாய்க்குட்டியையும் வைத்துப் பெயர் சூட்டியிருக்கிறான். பாரதியின் சொல்லில் அந்தக் கேலி இல்லை. சிறுபிள்ளையின் காதல், ஆனாலும் காதல். நூறு வருஷத்துக்கும் மேல் அந்தச் சொல் அச்சிலே கிடக்கிறது. நாம் அதை எடுத்துப் புழங்கவில்லை. 'இனக்கவர்ச்சி'யை வாத்தியாரிடமிருந்து வாங்கிக்கொண்டோம்.

பாரதி அந்தப் பெண்ணை வணங்கியதாகச் சொல்கிறார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அவருடைய கோபத்தை விட்டுவிட்டு வணக்கத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். மௌனியின் 'அழியாச்சுட'ரை நாமெல்லாரும் தலையில் வைத்துக்கொண்டாடுகிறோம். நானும்தான். தமிழ் உரைநடை அதற்கு முன் போகாத இடத்துக்குப் போன கதை அது. ஆனால் அந்தக் கோயிலில் அந்தப் பெண்ணின் பார்வை அவனுக்கு என்ன செய்தது என்பது நமக்கு வரிவரியாகத் தெரியும். அவளுக்கு என்ன நேர்ந்தது என்பது தெரியவே தெரியாது. மௌனியிடம் அது ஒரு கலைஞனின் தேர்வு, அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. அவருக்குப் பின்னால் அது வழக்கமாகிவிட்டது. பெண் ஒரு வெளிச்சம், ஒரு கொலுசுச் சத்தம், ஜன்னலில் ஒரு நிழல். வெளிச்சத்துக்கு வாய் கிடையாது, சத்தத்துக்குப் பரீட்சை பயம் கிடையாது, நிழலுக்குப் பல் வலிக்காது.

சினிமா இந்தச் சரக்கை மொத்தமாக வாங்கிச் சில்லறையில் விற்றது. பாலுமகேந்திராவின் 'அழியாத கோலங்கள்' (1979) வளர்ந்துவிட்ட ஒருவன் தன் கிராமத்துப் பையன் பருவத்தைத் திரும்பிப் பார்க்கும் படம். ஊருக்கு வந்த டீச்சர் மீது பையன்களுக்கு மயக்கம். ஷோபா இருந்ததால் அந்த டீச்சருக்கு உயிர் வந்தது, கதையிலிருந்து வரவில்லை. 'பன்னீர் புஷ்பங்கள்' (1981) ஊட்டிப் பள்ளிக்கூடத்துக் காதல். சேரனின் 'ஆட்டோகிராஃப்' (2004) தன் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு பழைய காதல்களைத் தேடிப் போகிறவனின் கதை. '96' (2018) தஞ்சாவூர் பள்ளிக்கூடத்தில் தொடங்கி இருபத்திரண்டு வருஷம் கழித்து ஒரு ராத்திரியில் முடிகிறது. இதில் பெண்ணுக்குக் கொஞ்சம் பேச்சு கிடைக்கிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எப்போது? பள்ளிக்கூடத்தில் பேச வேண்டியதை அவள் நடுவயதில் பேசுகிறாள்.

இந்தப் படங்கள் மோசமானவை என்பது என் வாதமில்லை. சிலவற்றை நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். இவற்றின் காலம்தான் என் ஆட்சேபணை. எல்லாமே இறந்தகாலம். நினைவில் வரும் வலி ஏற்கெனவே முடிந்துபோன வலி. ஆகையால் அது இனிக்கிறது. முடிந்துபோனதற்காக யாரும் எதையும் செய்ய வேண்டியதில்லை. தியேட்டரில் கைக்குட்டையை நனைத்த அதே மனிதர் வீட்டுக்கு வந்து, ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளின் செல்போனை வாங்கி யார் யாரிடமிருந்து என்ன வந்திருக்கிறது என்று பார்க்கிறார். தன்னுடைய பதினான்கு வயது புனிதம், அவளுடைய பதினான்கு வயது ஆபத்து. இந்த இரட்டைக் கணக்கை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் நாமும் இருக்கிறோம். நம் கவிதைத் தொகுப்புகளை எடுத்துப் பாருங்கள். பால்யத்தின் தாவணிகள் எத்தனை பறக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஒரு தாவணியாவது கண்ணைத் திறந்து எழுதுகிறவனைப் பார்க்கிறதா?

*

நான் வசிக்கும் நெய்வேலியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்த விஷயத்தைப் பார்க்க இது வசதியான இடம். 1956-ல் நிலக்கரி நிறுவனம் உண்டாக்கப்பட்டபோது, கிராமங்களை எடுத்துவிட்டு இந்த நகரியத்தை வட்டம் வட்டமாகக் கட்டினார்கள். வீடு ஜாதியைப் பார்த்துக் கொடுக்கப்படவில்லை. வேலையின் தரத்தைப் பார்த்துக் கொடுக்கப்பட்டது. திருநெல்வேலிக்காரரும் வடஆற்காட்டுக்காரரும் மலையாளியும் தெலுங்கரும் அடுத்தடுத்த வீட்டில் இருந்தார்கள். ஊரில் ஒரே தெருவில் நடக்க முடியாதவர்களின் பிள்ளைகள் இங்கே ஒரே பலாமரத்தடியில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். ஒருவர் வீட்டுக் குழம்பு இன்னொருவர் வீட்டுக்குப் போயிற்று. பிள்ளைகள் யாரைப் பார்ப்பது, யாரைப் பார்க்கக் கூடாது என்ற கணக்கை மறந்து வளர்ந்தார்கள். ஆர்ச் கேட்டைத் தாண்டினால் அந்தக் கணக்கு அப்படியே காத்திருந்தது. லீவுக்குத் தாத்தா ஊருக்குப் போகும்போதுதான் பல பிள்ளைகளுக்குத் தங்கள் ஜாதி என்னவென்றே தெரியவந்தது. எதிர்வீட்டுப் பையனின் ஜாதியும் அப்போதுதான் தெரியவந்தது.

இந்த நகரியத்தின் இரண்டு தலைமுறைப் பிள்ளைகள், பிறந்த இடத்தைத் தாண்டி மனம் சாயும் வாய்ப்பு பெற்ற பிள்ளைகள். அவர்களைப் பற்றித் தமிழில் எந்த நாவலும் என் கண்ணில் பட்டதில்லை. சுரங்கத்தைப் பற்றிக் கவிதை இருக்கிறது, நிலத்தை இழந்தவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், எழுதவும் வேண்டும். வட்டத்துக்கு வட்டம் சைக்கிளில் போன பெண்ணின் மனசு மட்டும் யாருக்கும் விஷயமாகப் படவில்லை.

ஒரு சம்பவம். வங்கி கவுண்டரில் எனக்குப் பழக்கமான ஒருவர், மதிய இடைவேளையில் வந்து, நாலாக மடித்த காகிதம் ஒன்றை நீட்டினார். அவருடைய மகள் எழுதிய கவிதை. பள்ளிக்கூட ஆண்டு மலருக்குக் கொடுத்ததாம். பள்ளிக்கூடம் அதைத் திருப்பி அனுப்பி, அப்பாவைக் கூப்பிட்டுப் பேசி, அதற்குப் பதிலாக மரம் வளர்ப்பதைப் பற்றி ஒன்று எழுதி வாங்கிக்கொண்டதாம். "சார், நீங்க இதெல்லாம் படிக்கிறவர். பொண்ணு கெட்டுப்போயிட்டாளான்னு பார்த்துச் சொல்லுங்க" என்றார். கவிதையில் நடப்பது இதுதான். சைக்கிள் செயின் கழன்றுவிடுகிறது. ஒரு பையன் மாட்டிக் கொடுக்கிறான். அவன் கைப்பட்ட ஹேண்டில்பாரில் கறுப்புக் கறை. இரண்டு நாள் அவள் அதைத் துடைக்கவில்லை. மூன்றாம் நாள் அம்மா துடைத்துவிடுகிறாள். பதினொரு வரி. எதுகை மோனை இல்லை, உவமை இல்லை, 'காதல்' என்ற சொல் இல்லை. நல்ல கவிதை என்று சொன்னேன். அவருக்கு வேண்டியிருந்த பதில் அது இல்லை என்று முகத்தில் தெரிந்தது. காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மனம் சாய்ந்துவிட்டால் அந்த வயதுப் பிள்ளைகள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வது 'க்ரஷ்'. நம் தமிழறிஞர்கள் இதைக் கேட்டு மொழி அழிகிறது என்று புலம்புகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 'காதல்' என்ற சொல்லை நாம்தான் தூக்க முடியாத கனமாக்கிவைத்திருக்கிறோம். அதைச் சொல்லிவிட்டால் பின்னாலேயே கல்யாணம் வர வேண்டும், இல்லாவிட்டால் ரயில் தண்டவாளம் வர வேண்டும். ஒரு பெண்ணுக்கு ஒருவனைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கிறது, நாளைக்கு இல்லாமலும் போகலாம். இதைச் சொல்ல அவளுக்கு ஒரு லேசான சொல் தேவைப்பட்டது. பழைய இலக்கணக்காரனுக்குக்கூட இந்தப் படிநிலை தெரிந்திருந்தது. உலாக்களில் பேதையின் மனசு ஒரு மாதிரி, பெதும்பையின் மனசு ஒரு மாதிரி, மங்கையின் மனசு வேறு மாதிரி என்று அவன் வயது வாரியாகப் பிரித்தான். ராஜாவைப் புகழ்வதற்காகப் பிரித்தான் என்பது வேறு விஷயம். பிரிக்க வேண்டும் என்று தோன்றியது. நமக்குத் தோன்றவில்லை. அவள் கடன் வாங்கினாள். கடனுக்குக் காரணம் நம் கஜானா காலியாக இருந்ததுதான்.

*

அந்த வயதின் குரல் அந்த வயதிலேயே எழுதப்பட முடியாது, அதற்கு முதிர்ச்சி வேண்டும், ஆகையால் நினைவின் வழியாகத்தான் வர முடியும் என்று ஒரு தத்துவம் சொல்வார்கள். ஆன் ஃபிராங்க் இதற்குப் பதில். 1944-ன் தொடக்கத்தில் அவளுக்கு வயது பதினாலு. ஆம்ஸ்டர்டாமில் ஒரு மறைவிடத்தில், கீழே இறங்கினால் மரணம் என்ற நிலையில், அதே மறைவிடத்தில் இருந்த பீட்டர் என்ற பையன் மீது தன் மனம் சாய்வதை அவள் நாள்தோறும் எழுதினாள். அவனை மெச்சினாள், சில வாரங்களிலேயே அவனிடம் இல்லாதவற்றையும் கண்டாள், தன்னையே ஏமாற்றிக்கொள்கிறேனோ என்றும் கேட்டுக்கொண்டாள். எந்த முதிர்ந்த நாவலாசிரியனும் இவ்வளவு துல்லியமாகத் தன் மயக்கத்தின் ஏற்ற இறக்கத்தைக் கணக்கு வைத்ததில்லை. அவள் முகாமில் இறந்த பிறகு 1947-ல் டைரி முதன்முதலாக அச்சானபோது, அவளுடைய உடலைப் பற்றியும் அம்மாவைப் பற்றியும் அவள் எழுதிய சில பகுதிகள் அதில் இல்லை. நல்ல அப்பா, துயரப்பட்ட அப்பா, ஆனாலும் அப்பா. விடுபட்டவை பொதுவாசகனுக்கு வந்துசேர 1986-ன் ஆராய்ச்சிப் பதிப்பு வரை ஆயிற்று. நம் வங்கிக்கு வந்த அப்பாவுக்கும் அவருக்கும் நடுவே உலகமே இருக்கிறது, கத்தரிக்கோல் ஒன்றுதான்.

ஷேக்ஸ்பியரையும் இழுக்கிறேன், பி.ஏ. இங்கிலீஷ் படித்த பாவத்துக்கு. ஆர்தர் புரூக்கின் பழைய செய்யுளில் ஜூலியட்டுக்குப் பதினாறு வயது. ஷேக்ஸ்பியர் அதை வேண்டுமென்றே குறைத்தார்: பதினாலு நிறைய இன்னும் இரண்டு வாரத்துக்குச் சற்று அதிகம். வயதைக் குறைத்துவிட்டு அறிவைக் கூட்டினார். ரோமியோ நிலவின் மேல் சத்தியம் செய்யப் போகும்போது, நிலவு மாதாமாதம் மாறுவது, அதன் மேல் செய்யாதே என்று தடுப்பவள் அவள்தான். வகுப்பில் எங்களுக்கு அந்த நாடகத்தை 'விதியின் சோகம்' என்று நடத்தினார்கள். அவள் வயதை யாரும் சொல்லவில்லை.

தமிழிலும் வாசல் முழுக்கச் சாத்தியிருக்கவில்லை. அம்பையின் 'அம்மா ஒரு கொலை செய்தாள்' அந்த வயதுப் பெண்ணின் உள்ளிருந்து பேசுகிறது. அங்கே விஷயம் பையன் இல்லை, அம்மா. ஆனாலும் அந்தக் குரல் சாத்தியம் என்று அது நிரூபித்தது. சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004) ரபியா என்ற சிறுமியின் கண்ணை நம்புகிறது. பையன் பக்கத்திலிருந்து அசோகமித்திரன் '18வது அட்சக்கோடு' (1977) எழுதினார். ஹைதராபாத் கலவரத்தின் நடுவே தன் குடும்பத்தைக் காப்பாற்ற ஒரு பெண் தன்னையே விலையாக வைக்கும்போது அந்தப் பையன் ஓடுகிறான். இளமையின் இனிய நினைவு என்பதற்கு அங்கே இடமே இல்லை. மூன்றையும் நாம் பாராட்டினோம். பாராட்டியதோடு சரி, அவை காட்டிய வழியில் யாரும் நடக்கவில்லை.

*

எழுத்தாளன் காலி செய்த இடம் காலியாக இருப்பதில்லை. இன்று இந்த நாட்டில் பதினைந்து வயதுப் பெண்ணின் மனசைப் பற்றி அதிகப் பக்கங்கள் எழுதுகிறவர்கள் நீதிபதிகள். சம்மத வயது 1860-ல் 10 ஆக இருந்தது, 1891-ல் 12 ஆயிற்று, 2012-ன் போக்சோ சட்டத்தில் 18 ஆயிற்று. பெரியவர்களின் வக்கிரத்திலிருந்து குழந்தைகளைக் காக்க வந்த சட்டம் அது. அது வேண்டும், இன்னும் கடுமையாக அமலாக வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. ஆனால் மகள் மனம் சாய்ந்த பையனின் ஜாதி பிடிக்காத அப்பாவுக்கும் அதே சட்டம் கைக்கருவி ஆயிற்று. 2021 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், வளரிளம் பருவத்தினரின் காதல் உறவுகளைக் குற்றமாக்குவது இச்சட்டத்தின் நோக்கமல்ல என்று ஒரு வழக்கை ரத்துசெய்தார். 2022 டிசம்பரில் தமிழ்நாட்டுக் காவல்துறைத் தலைவரே, இப்படிப்பட்ட வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று சுற்றறிக்கை அனுப்பினார். 2023-ல் சட்ட ஆணையம் தன் 283-ஆவது அறிக்கையில் வயதைக் குறைக்க வேண்டாம் என்றது. வயதைக் குறைப்பதா வேண்டாமா என்று சொல்ல நான் சட்டம் படித்தவனில்லை. அந்தக் கோப்புகளில் அந்தப் பெண் எப்படிப் பேசுகிறாள் என்பதுதான் என் கவலை. வாக்குமூலமாக மட்டும் பேசுகிறாள். கேட்ட கேள்விக்குப் பதில்.

அதே 2023-ல் கல்கத்தா உயர்நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், வளரிளம் பெண்கள் தங்கள் இச்சையைக் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று உபதேசம் செய்தது. அந்த வழக்கின் ஆண் வயதுவந்தவன். ஆகையால் நான் பேசும் விஷயத்துக்கு அது நேர் உதாரணம் ஆகாது. தீர்ப்பின் குரலைத்தான் பார்க்கச் சொல்கிறேன். 2024 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளி, நீதிபதிகள் உபதேசம் செய்யக் கூடாது என்றது. நம் பள்ளிக்கூட வாத்தியார் உயர்நீதிமன்றம் வரை போய்விட்டார் என்று அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குத் தோன்றியது.

சட்டத்துக்குக் காத்திராதவர்களும் இருக்கிறார்கள். நெய்வேலியிலிருந்து விருத்தாசலம் பஸ்ஸில் ஒரு மணி நேரம் ஆகாது. அதை ஒட்டிய புதுக்கூரைப்பேட்டையில் 2003 ஜூலையில் முருகேசன், கண்ணகி என்ற இருவரின் வாயிலும் காதிலும் விஷத்தை ஊற்றிக் கொன்று எரித்தார்கள். அவன் தலித், அவள் வன்னியப் பெண். இருவரும் படித்தவர்கள், வயதுவந்தவர்கள், பதிவுத் திருமணம் செய்துகொண்டவர்கள். கடலூர் நீதிமன்றத்தின் தீர்ப்பு வரப் பதினெட்டு வருஷம் ஆயிற்று. அவர்கள் சிறுபிள்ளைகள் இல்லையே, இந்தக் கட்டுரையில் அவர்களுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். இந்தப் பக்கத்தில் எட்டாம் வகுப்பு மகளின் கண் எந்தப் பக்கம் போகிறது என்று ஏன் காவல் காக்கிறார்கள்? அந்தப் பார்வை எதில் போய் முடியும் என்று அவர்களுக்குத் தெரியும் என்பதால்தான். ஒரு சிறுபெண்ணின் மனச்சாய்வு ஜாதிக்கு எவ்வளவு கனமான விஷயம் என்பது ஜாதிக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது. நம் கூட்டத்தில் சிரித்தவர்களுக்குத் தெரியவில்லை.

இன்னொரு வேடிக்கை, என் தொழிலிலிருந்து. பத்து வயது நிரம்பிய பிள்ளை விரும்பினால் தன் பெயரில் சேமிப்புக் கணக்குத் தொடங்கித் தானே நடத்தலாம் என்று 2014-ல் ரிசர்வ் வங்கி அனுமதித்தது. அந்தப் பிள்ளை போடும் கையெழுத்தை நான் அட்டையிலிருக்கும் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, நம்பி, பணம் கொடுக்கிறேன். தன் பணத்தைப் பற்றிய அதன் சொல்லுக்கு வங்கி மதிப்புக் கொடுக்கிறது. தன் மனசைப் பற்றிய அதன் சொல்லுக்குத் தமிழ் இலக்கியத்தில் கணக்கு இல்லை.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பெரிய திட்டம் ஒன்றும் கிடையாது. விமர்சகன் கதை எழுதிக் கொடுக்க முடியாது. சிலவற்றை நிறுத்தலாம் என்று மட்டும் சொல்ல முடியும். பால்யத்தைப் பற்றி எழுதும்போது 'அப்போது' என்று தொடங்குவதைக் கொஞ்ச காலம் நிறுத்திவைக்கலாம். அவளை விளக்காகவும் நிலவாகவும் ஆக்குவதை நிறுத்தலாம்; அவளுக்கு ஒரு பெயர், ஒரு கணக்கு நோட்டு, அவனைப் பற்றி ஒரு அபிப்பிராயம் கொடுக்கலாம், அந்த அபிப்பிராயம் மட்டமானதாக இருந்தாலும். கதையைக் கல்யாணத்திலோ சாவிலோ கொண்டுபோய் முடிக்காமல், அடுத்த திங்கட்கிழமை அவள் பள்ளிக்கூடம் போவதோடு விட்டுவிடலாம். பையன் பையனைப் பார்ப்பதும் பெண் பெண்ணைப் பார்ப்பதும் இந்த வயதில்தான் தொடங்குகின்றன என்பதையும், அவர்களுக்கு 'இனக்கவர்ச்சி' என்ற வாத்தியாரின் சொல்கூடக் கிடைக்காது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பத்திரிகை நடத்தும் நண்பர்களுக்கும் ஒன்று. கோடுபோட்ட நோட்டுத் தாளில், திருத்தமில்லாத கையெழுத்தில், பதினொரு வரியில் ஏதாவது தபாலில் வந்தால், அனுப்பியவரின் வயதைப் பார்த்துவிட்டு 'வளரும் கவிஞர்' என்று வாழ்த்தி அட்டை போடாதீர்கள். மரம் வளர்ப்பதைப் பற்றி ஒன்று அனுப்பச் சொல்லவும் வேண்டாம். நம்மில் ஒருவர் எழுதியதைப் படிப்பதுபோலப் படித்து, நன்றாக இருந்தால் ஒரு சொல்லையும் தொடாமல் போடுங்கள். நன்றாக இல்லாவிட்டால் ஏன் என்று அவளுக்கு எழுதுங்கள்.